காபித்தூளுக்கு நீங்களே மார்க் போடலாம்! கடலூர், சிதம்பரம் வீடுகளுக்கு 45 குறிப்புகள்

கத்திரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து வாங்குகிறோம். புடவையை வெளிச்சத்தில் விரித்துப் பார்க்கிறோம். காபித்தூளை மட்டும் "எப்பவும் வாங்கற கடைதானே" என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடுகிறோம். வெளிநாட்டில் பிரவுன் ஏல் என்கிற பழுப்பு நிற பீரைக்கூட நிறம், மணம், ருசி, நாக்கில் படும் கனம் என்று தனித்தனியாக மார்க் போட்டுத்தான் நல்லது கெட்டது சொல்கிறார்கள். அந்தப் பீருக்கான தானியமும் நம் காபிக்கொட்டையும் வறுவலில்தான் நிறமும் மணமும் பெறுகின்றன. அதனால் அந்தக் கணக்கு நம் டம்ளருக்கும் பொருந்தும். செலவு ஒன்றும் இல்லை தோழிகளே! ஒரு ஃபில்டர், நாலு டம்ளர், ஒரு நோட்டு இருந்தால் போதும்.

கடையில் நிற்கும்போது

1. புதுக் கடையோ புதுக் கலவையோ, முதல் தடவை 50 கிராம் மட்டும் வாங்குங்கள். பிடிக்காமல் போனால் சில ரூபாயோடு போயிற்று. அரைக் கிலோ வாங்கிவிட்டு மாதம் முழுக்க முகம் சுளித்துக் குடிக்க வேண்டியதில்லை.

2. கடைக்காரரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள்: என்ன கொட்டை, எத்தனை சதவீதம் சிக்கரி, என்றைக்கு வறுத்தது. மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் அந்தக் கடையை நம்பி ருசி பார்க்கலாம்.

3. 'பிளான்டேஷன்' என்று சொன்னால் அது கழுவிப் பதப்படுத்திய அரபிகா. 'செர்ரி' என்றால் பழத்தோடு வெயிலில் காயவைத்தது. அரபிகாவில் மணம் தூக்கல், ரோபஸ்டாவில் கசப்பும் கனமும் தூக்கல். இரண்டையும் பாதிக்குப் பாதி கலக்கச் சொன்னால் மணமும் கிடைக்கும், விலையும் கையைக் கடிக்காது.

4. ரோபஸ்டாவில் காஃபீன் அரபிகாவைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. சாயங்காலக் காபி குடித்தால் ராத்திரி தூக்கம் வரவில்லை என்று சொல்லும் மாமனார் மாமியாருக்கு அரபிகாவில் தனியாக 100 கிராம் அரைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒரு பழத்தில் வழக்கமாக இரண்டு தட்டைக் கொட்டைகள் இருக்கும். ஒன்றே ஒன்று உருண்டையாக விளைந்தால் அதுதான் பீபெர்ரி. சிக்கரியை அள்ளிக் கலந்தபிறகு அதன் அருமை நாக்குக்கு எட்டாது. சிக்கரி இல்லாமல் குடிக்கிறவர்கள் மட்டும் பீபெர்ரிக்குக் கூடுதல் காசு கொடுங்கள்.

6. பாக்கெட் தூளில் காபி எவ்வளவு, சிக்கரி எவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக்கூடாது என்பது சட்டம். 60க்கு 40 கலவையில் ஒரு கிலோ வாங்கினால் உங்கள் கைக்கு வரும் காபி 600 கிராம்தான். விலையை ஒப்பிடும்போது அந்த 600 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள்.

7. சிக்கரி கெட்ட சாமான் இல்லை. ஒரு செடியின் வேரை வறுத்து அரைத்தது, காஃபீனே கிடையாது, டிகாஷனுக்குக் கறுப்பும் கெட்டியும் தரும். காபியைச் சுத்தமாகவும் சிக்கரியைத் தனியாகவும் வாங்கி வீட்டில் கலந்துகொண்டால் அளவு உங்கள் கையில் இருக்கும்.

8. வறுத்த கொட்டை பழுப்பாக, எண்ணெய்ப் பளபளப்பு இல்லாமல் இருந்தால் நடுத்தர வறுவல். கறுத்து எண்ணெய் மின்னினால் கடும் வறுவல். அதில் எந்தத் தோட்டத்துக் கொட்டையும் ஒரே கரிக் கசப்பாகத்தான் தெரியும். கடும் வறுவல்தான் பிடிக்கும் என்றால் விலை குறைந்த கொட்டையே போதும்.

9. உங்களுக்கு முன்னால் அரைத்தவர் என்ன கலவை வாங்கினார் என்று ஒரு கண் வைத்திருங்கள். அவர் தூள் கொஞ்சம் மெஷினில் தங்கியிருக்கும். 50 கிராம் சாம்பிள் வாங்கும்போது அதுவே ருசியை மாற்றிவிடும். முதலில் விழும் ஒரு பிடியை ஒதுக்கச் சொல்லுங்கள்.

10. ஏற்காடு போகிறவர்கள் வறுக்காத பச்சைக் கொட்டையாக வாங்கி வரலாம். சேலத்திலிருந்து விருத்தாசலம் வழியாக ரயிலிலேயே கடலூர் வந்துவிடலாம். பச்சைக் கொட்டை மாதக்கணக்கில் கெடாது. வறுத்தால் எடை ஆறில் ஒரு பங்கு போலக் குறையும், அதையும் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கலப்படம் இருக்கிறதா?

11. கண்ணாடி டம்ளரில் பச்சைத் தண்ணீர் எடுத்து, ஒரு சிட்டிகைத் தூளை மேலாகத் தூவுங்கள். காபி மிதக்கும், சிக்கரி பழுப்புக் கோடு இழுத்துக்கொண்டே கீழே இறங்கும். சிக்கரி இல்லை என்று சொல்லி விற்றது உண்மையா என்று அப்போதே தெரிந்துவிடும்.

12. அரை ஸ்பூன் தூளை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு நிமிடம் கலக்கி, ஐந்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். அடியில் மண் வண்டலாகப் படிந்தால் அந்தத் தூள் வேண்டவே வேண்டாம்.

13. புளியங்கொட்டைத் தூள் கலந்திருக்கிறதோ என்று சந்தேகமா? 100 மி.லி. தண்ணீரில் ஒரு கிராம் வாஷிங் சோடாவைக் கரைத்து, மையுறிஞ்சும் தாளில் தூவிய காபித்தூள் மேல் தெளியுங்கள். தாளில் சிவப்புக் கறை பிடித்தால் கலப்படம். ஆப்பசோடா இதற்கு உதவாது. சோதனைத் தூளைக் குடிக்கவும் கூடாது.

14. ஈர விரலில் கொஞ்சம் தூளைத் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். நறநறவென்று இருந்தால் காபி அதிகம், பிசுபிசுவென்று ஒட்டினால் சிக்கரி அதிகம்.

மணம் போகாமல் வைக்க

15. வாங்கிய தூளை இரண்டாகப் பிரித்து, தினமும் திறக்க ஒரு சின்ன டப்பா, மீதிக்கு இறுக்கமான மூடி உள்ள எவர்சில்வர் டப்பா என்று வையுங்கள். பெரிய டப்பாவை வாரம் ஒருமுறை மட்டும் திறந்தால் கடைசி ஸ்பூன்வரை மணம் நிற்கும்.

16. தினமும் எடுக்கிற தூளை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் டப்பாவுக்குள் ஈரம் வேர்த்து, தூள் கட்டி தட்டிவிடும். பக்கத்தில் இருக்கும் பூண்டு, மீன் வாடையையும் அது இழுத்துக்கொள்ளும்.

17. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் நம் கடலோரக் காற்றே ஈரமாக இருக்கும். அந்த இரண்டு மாதமும் 100 கிராம் 100 கிராமாக வாங்குங்கள். சிக்கரி ஈரத்தை இன்னும் வேகமாக உறிஞ்சும், கலவைத்தூள் வைத்திருப்பவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்.

18. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபின் நம் பக்கம் கரண்ட் இல்லாமல் கிடந்தது நினைவிருக்கும். கையால் சுற்றும் ஒரு சின்ன காபி மெஷின் வீட்டில் இருந்தால் மழைக்காலத்தில் கொட்டையாகவே வாங்கி வைக்கலாம். அன்றன்றைக்கு அரைத்தால் மணமும் கூடும்.

19. பெருங்காய டப்பாவும் காபி டப்பாவும் ஒரே தட்டில் இருக்கவேண்டாம். கருவாட்டுப் பானை இருக்கும் அலமாரியைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை!

தண்ணீரும் ஃபில்டரும்

20. கடலை ஒட்டிய தெருக்களில் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும். அதில் எந்தத் தூளும் மங்கித்தான் போகும். தூளைக் குறை சொல்வதற்கு முன் ஒரே தூளை வீட்டுத் தண்ணீரிலும் கேன் தண்ணீரிலும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். காபிக்கு மட்டும் நல்ல தண்ணீர் என்றால் நாளுக்கு அரை லிட்டர்தான் செலவு.

21. கொதிக்கும் தண்ணீரை அடுப்பிலிருந்து இறக்கி அரை நிமிடம் விட்டு ஊற்றுங்கள். ஆறிப்போன தண்ணீரில் சாரம் இறங்காது, டிகாஷன் புளிப்பாக, வெளுப்பாக வரும்.

22. இரண்டு தூளை ஒப்பிடும்போது கண்ணளவு உதவாது. 20 கிராம் தூளுக்கு 100 மி.லி. தண்ணீர் என்று ஒரே அளவு வையுங்கள். தராசு இல்லையென்றால் ஒரே ஸ்பூனில் தலைதட்டி அளந்தால் போதும்.

23. ஃபில்டர் குடையைத் தூள்மேல் லேசாக அமர்த்துங்கள், அழுத்த வேண்டாம். அழுத்தினால் ராத்திரி போட்டது காலைவரை இறங்காது. குடையை அமர்த்தாமலே விட்டால் தண்ணீர் ஓடிப்போய் டிகாஷன் நீர்த்துவிடும்.

24. டிகாஷன் இறங்க மறுத்தால் ஃபில்டரின் பக்கவாட்டில் ஸ்பூனால் இரண்டு தட்டு தட்டுங்கள். தினமும் இதே கதை என்றால் தூள் மாவாக அரைபட்டிருக்கிறது; அடுத்த தடவை ஒரு சுற்றுக் கொரகொரப்பாகக் கேளுங்கள்.

25. ஃபில்டர் துளை அடைத்துக்கொண்டால் ஊசியால் குத்தாதீர்கள், துளை பெரிதாகிவிடும். மேல் பாத்திரத்தை மட்டும் இடுக்கியால் பிடித்து அடிப்பக்கத்தை நெருப்பில் காட்டினால் அடைத்த தூள் கருகி உதிரும். ஆறியபின் கழுவி, ஒரு தடவை வெறும் வெந்நீர் விட்டு எடுங்கள்.

26. பித்தளை டபராவில் ருசி பார்க்காதீர்கள். ஈயப்பூச்சு தேய்ந்திருந்தால் உலோக வாடை காபியில் ஏறும். எவர்சில்வரோ கண்ணாடியோ, எல்லாம் ஒரே மாதிரி டம்ளராக இருக்கட்டும்.

ருசி பார்க்க உட்காரும்முன்

27. பல் தேய்த்த உடனே ருசி பார்க்க வேண்டாம். பேஸ்ட் நுரை இனிப்பை அமுக்கிக் கசப்பைத் தூக்கிக் காட்டும். சிதம்பரம் கொத்சு தொட்டு இட்லி சாப்பிட்ட வாயும் இதற்குச் சரிப்படாது, புளியும் காரமும் வெகுநேரம் நிற்கும். டிபனுக்கு முன்னால், வெறும் தண்ணீரில் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள்.

28. சாம்பிராணி, ஊதுவத்தி, தலையில் கட்டு மல்லிகை, பக்கத்து வீட்டு நெத்திலி வறுவல் எல்லாம் அடங்கிய நேரமாகப் பாருங்கள். ருசி என்று நாம் நினைப்பதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. ஜலதோஷம் இருக்கும் நாளில் தூளுக்குத் தீர்ப்பு எழுதாதீர்கள்.

29. டம்ளரின் அடியில் 'அ', 'ஆ' என்று சீட்டு ஒட்டி, எது எந்தக் கடைத் தூள் என்று குடிக்கிறவருக்குத் தெரியாமல் வையுங்கள். விலையும் கடைப் பெயரும் தெரிந்தால் நாக்கு பாரபட்சம் பார்க்கும். ஊற்றுகிறவர் ஒருவர், குடிக்கிறவர் வேறொருவர் என்று இருப்பது நல்லது.

30. விலை கூடிய தூளுக்கு மாறலாமா என்று யோசனையா? மூன்று டம்ளரில் இரண்டில் ஒரே தூள், ஒன்றில் மற்றது. எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். டம்ளரை மாற்றி மாற்றி வைத்து நாலைந்து தடவை கேட்டும் யாருக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை என்றால் விலை குறைந்ததே உங்கள் வீட்டுக்குப் போதும்.

31. ஃபில்டரே இல்லாமல் ருசி பார்க்கவும் ஒரு வழி உண்டு. உலகம் முழுக்க காபிக்கொட்டையை மொத்தமாக வாங்குகிறவர்கள் இப்படித்தான் செய்கிறார்கள். சிக்கரி கலக்காத தூள் 8 கிராம், அதன்மேல் 150 மி.லி. வெந்நீர், நாலு நிமிடம். மேலே கட்டிய ஏட்டை ஸ்பூனால் விலக்கும்போது குனிந்து மோந்து பாருங்கள், நல்லது கெட்டது அங்கேயே தெரியும்.

32. 'நன்றாக இருக்கிறது' என்று எழுதினால் அடுத்த மாதம் ஒன்றும் புரியாது. வறுத்த பண்ருட்டி முந்திரி, வேர்க்கடலை, கருப்பட்டி, கருகிய ரொட்டி, எலுமிச்சைத் தோல் என்று ஐந்து கிண்ணங்களை முன்னால் வைத்து மோந்துவிட்டுக் காபிக்கு வாருங்கள். எந்த வாடை எதில் என்று உடனே வார்த்தை கிடைக்கும்; பிரவுன் ஏல் ருசிக்கிறவர்கள் தேடுவதும் இந்தப் பருப்பு, பாகு, ரொட்டி வாசனைகளைத்தான்.

டம்ளர் கையில் வந்தபின்

33. டிகாஷனைக் கண்ணாடி டம்ளரில் கொஞ்சம் ஊற்றி, லேசாகத் தண்ணீர் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடியுங்கள். நல்ல காபியின் ஓரம் செம்பழுப்பாகத் தெளிந்து தெரியும். ஓரம்வரை கருகருவென்று இருந்தால் சிக்கரியோ கடும் வறுவலோ கூடுதல்.

34. குடிப்பதற்கு முன் உள்ளங்கையால் டம்ளரை மூடி, ஒரு சுற்றுச் சுழற்றி, கையை எடுத்தவுடன் மோந்து பாருங்கள். ஆவியோடு முதலில் வரும் மணம்தான் முக்கியம். இரண்டு மூன்று மூச்சிலேயே மூக்கு பழகிவிடும், அப்புறம் வித்தியாசம் தெரியாது.

35. நாக்கு சுடச்சுடக் குடித்தால் எல்லாத் தூளும் ஒரே ருசிதான். கொஞ்சம் ஆறவிட்டு ஒரு வாய், வெதுவெதுப்பாக ஒரு வாய், முழுக்க ஆறியபின் ஒரு வாய் என்று மூன்று தடவை பாருங்கள். ஆறினாலும் நன்றாக இருந்தால் அது நல்ல தூள்.

36. ருசி பார்க்கும்போது மட்டும் 'சர்ர்' என்று சத்தமாக உறிஞ்சலாம், பெரியவர்கள் திட்டினால் காரணம் சொல்லுங்கள். காற்றோடு சேர்ந்து காபி வாய் முழுக்கத் தெறித்து மணம் மூக்குக்கும் ஏறும்.

37. விழுங்கியபின் நூறு எண்ணுங்கள். கடைசியில் லேசான இனிப்போ முந்திரி வாசமோ நின்றால் நல்லது. தொண்டையில் கரகரப்பும் சாம்பல் வாடையும் நின்றால் வறுவல் தீய்ந்தது. ஒவ்வொரு தூளுக்கும் நடுவில் ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள்.

38. முதலில் வெறும் டிகாஷன், பிறகு பால், கடைசியில் சர்க்கரை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். டோன்டு பாலில் கொழுப்பு 3 சதவீதம், ஃபுல் கிரீமில் 6. கெட்டிப் பால் தூளின் குறையை மறைத்துவிடும். எல்லா டம்ளருக்கும் ஒரே பாக்கெட் பாலையே ஊற்றுங்கள்.

39. ருசியிலிருந்தே கோளாறைப் பிடிக்கலாம். வெடுக்கென்று புளித்தால் தண்ணீர் சூடு போதவில்லை அல்லது டிகாஷன் பழசு. சப்பென்று இருந்தால் தூள் பழசு. பூஞ்சை வாடை வந்தால் ஈரம் பட்டது, கொட்டிவிடுங்கள். கசப்பு மட்டும் கொஞ்சம் தூக்கலென்றால் டிகாஷனில் இரண்டு கல் உப்பு போட்டுப் பாருங்கள், அடங்கிவிடும்.

40. பீர் நடுவர்கள் 50 மார்க் தாளில் மணத்துக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாயில் படும் கனத்துக்கு 5, மொத்தத் திருப்திக்கு 10 என்று பிரித்துப் போடுகிறார்கள். அதே கணக்கைக் காபிக்கும் வையுங்கள். தோற்றத்துக்கு மூன்றே மார்க் என்பதைக் கவனியுங்கள்: கறுப்பையும் நுரையையும் பார்த்து ஏமாறக்கூடாது.

41. மார்க்கோடு விலையும் எழுதுங்கள். கிலோ 600 ரூபாய்த் தூளில் டம்ளருக்கு 10 கிராம் போட்டால் தூள் செலவு 6 ரூபாய். கெட்டியாக இறங்கும் கிலோ 700 ரூபாய்த் தூளில் 8 கிராம் போதுமென்றால் 5 ரூபாய் 60 காசுதான். கிலோ விலையைப் பார்த்து மிரளாமல் டம்ளர் விலையைப் பாருங்கள்.

மிச்சம் மீதி

42. மார்க்கில் தோற்ற தூளை எறியாதீர்கள். நல்ல தூள் மூன்று பங்குக்கு இது ஒரு பங்கு என்று கலந்தால் தெரியாமல் தீர்ந்துவிடும். மீதமான டிகாஷனை அடுப்பில் நேராக வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்குங்கள், கடுத்துப்போகாது.

43. நாட்டுச் சர்க்கரை போட்டுக் குடிப்பவர்கள் அதைப் பாலோடு சேர்த்துக் கொதிக்கவைத்தால் பால் திரிந்துவிடக்கூடும். டம்ளருக்கு வந்தபின் கலந்துகொள்ளுங்கள். காபி வடித்த சக்கையைக் காயவைத்து எண்ணெய்ப் பிசுக்குள்ள வாணலியில் தேய்க்கலாம். சிங்க்கில் மட்டும் கொட்டாதீர்கள், குழாய் அடைக்கும்.

44. ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரத்து வீடுகளில் சொந்தபந்தம் நிறைந்துவிடும். ஒரே பெரிய ஃபில்டரில் தூளைத் திணிப்பதைவிட இரண்டு சின்ன ஃபில்டரில் மாற்றி மாற்றி இறக்குங்கள். கடைசியில் வருகிறவருக்கும் முதல் டிகாஷனே கிடைக்கும். இரண்டாம் டிகாஷனை மறுநாள் வீட்டாருக்கு வைத்துக்கொள்ளலாம்.

45. நம் நாட்டில் அரபிகா அறுவடை நவம்பர் வாக்கிலும் ரோபஸ்டா அறுவடை ஜனவரி வாக்கிலும் தொடங்கும். புதுக் கொட்டை கடைக்கு வந்ததும் அதே பெயர், அதே விலையில் ருசி மாறியிருக்கலாம். அதனால் சித்திரை பிறந்ததும் ஒருமுறை 50 கிராம் வாங்கி மறுபடி மார்க் போடுங்கள். போன வருஷத்து மார்க் நோட்டில் இருப்பதால், கடையை மாற்றுவதா தொடர்வதா என்று அரை மணி நேரத்தில் முடிவு செய்துவிடலாம்.